கிராமமும் அல்ல, நகரமும் அல்ல!

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்து தில்லியிலிருந்து ஊருக்குப் புறப்படும்போது, வழியில் பெங்களூரில் இரண்டு நாள் தங்கிச் செல்வது என் வழக்கம். அல்சூர் ஏரிக்கு அருகே, கேம்பிரிட்ஜ் லேஅவுட்டையும் இந்திரா நகரையும் ஒட்டியுள்ள ஜோகுபாளையத்தில் பெரியப்பாவின் வீடு இருக்கிறது. குறுகிய சந்துகளும், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகளும், ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒலிப்பதும் அந்தப் பகுதியின் இயல்பு. இரண்டு தெரு தள்ளிப் போனால் பெங்களூரின் மிக விலையுயர்ந்த மனைகளில் எழுந்த மாளிகைகளைக் காணலாம்.

"நான் வேலைக்கு வந்த காலத்தில் ஊர் இங்கேயே முடிந்துவிடும், தம்பி. அதற்கப்பால் தோட்டமும் கொல்லையும்தான். அது எந்த நாளில் நகரமாயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார் பெரியப்பா. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர்.

மறுநாள் காலை என்னை ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநர், தன் குடும்பம் முன்பு ஜோகுபாளையத்தில்தான் இருந்தது என்றும், வாடகை கட்டுப்படியாகாமல் பழைய சென்னைச் சாலையில் ஹொசகோட்டைப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது என்றும் சொன்னார். அங்கே நகராட்சியா, ஊராட்சியா என்று கேட்டேன். "பஞ்சாயத்துதான் சார். பேருக்குக் கிராமம். ஆனால் எங்கள் தெருவில் ஏர் பிடிக்கிறவன் ஒருத்தனும் இல்லை" என்றார்.

தில்லியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி நடக்கும் விவாதங்களில் இந்த இருவரின் கேள்விக்கும் இடம் கிடைப்பதில்லை. ஜாதிவாரிக் கணக்கும், தொகுதி மறுவரையறையுமே அங்கு பேசப்படுகின்றன. அவை முக்கியமானவைதாம். ஆனால், ஒரு மனிதன் கிராமவாசியா, நகரவாசியா என்று அரசு எழுதி வைக்கும் ஒரு சொல்லைப் பொருத்தே அவனுக்குக் கிடைக்கும் வேலையும், அரிசியும், குடிநீரும், வரியும் தீர்மானமாகின்றன என்பதை நம் அரசியல் கட்சிகள் ஏனோ கண்டுகொள்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி. அதில் ஏறத்தாழ 83.3 கோடி பேர் கிராமங்களிலும், 37.7 கோடி பேர் நகரங்களிலும் வாழ்ந்தனர். 2001-இல் 27.8 சதவீதமாக இருந்த நகர மக்கள் பங்கு 2011-இல் 31.2 சதவீதமாக உயர்ந்தது. விடுதலைக்குப் பிறகு முதன்முறையாக, பத்தாண்டில் கிராமங்களில் கூடிய மக்கள் எண்ணிக்கையைவிட நகரங்களில் கூடிய எண்ணிக்கை அதிகமாக இருந்ததும் அந்தக் கணக்கெடுப்பில்தான்.

இந்த வளர்ச்சியைக் கிராமத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரத்துக்கு வந்து இறங்கியதால் நேர்ந்தது என்று நினைத்தால் தவறு. கணிசமான மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நகரம்தான் அவர்களைத் தேடி வந்தது. 2001-இல் 1,362 ஆக இருந்த 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2011-இல் 3,894 ஆகப் பெருகின. அதே பத்தாண்டில் சட்டப்படி நகராட்சியாகவோ, பேரூராட்சியாகவோ, மாநகராட்சியாகவோ அறிவிக்கப்பட்ட ஊர்கள் 3,799-லிருந்து 4,041 ஆக, அதாவது வெறும் 242 மட்டுமே கூடின. அந்தப் பத்தாண்டு நகர வளர்ச்சியில் ஏறத்தாழ 30 சதவீதம் இவ்வாறு கிராமங்களின் வகை மாறியதால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

அதென்ன கணக்கெடுப்பு நகரம்? குறைந்தது 5,000 மக்கள் இருக்க வேண்டும். ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் குறைந்தது 75 சதவீதத்தினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் மக்கள்தொகைப் பதிவாளர் அதை நகரம் என்று எழுதிக்கொள்வார். ஆனால், மாநில அரசின் ஏட்டில் அது கிராம ஊராட்சியாகவே நீடிக்கும். பாதாளச் சாக்கடை இராது. கட்டட விதிகளைக் கண்காணிக்கும் அலுவலர் இரார். குப்பை அள்ளப் போதிய பணியாளர்கள் இரார். தில்லிக்கு நகரம், பெங்களூருக்கோ சென்னைக்கோ கிராமம் என்ற இரட்டை வேடத்தில் அந்த ஊர் காலம் தள்ளும். 2011-இல் கர்நாடகத்தில் 127 ஊர்களும், தமிழகத்தில் 376 ஊர்களும் இப்படி இருந்தன. கேரளத்திலோ 2001-இல் 99 ஆக இருந்தவை பத்தாண்டில் 461 ஆயின.

இந்த இலக்கணத்தில் ஒரு குறை வெளிப்படையாகவே தெரிகிறது. ஆண்கள் செய்யும் தொழில் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆண்கள் கட்டட வேலைக்கும், வாகனம் ஓட்டவும், தொழிற்சாலைக்கும் போய்விட, பெண்கள் ஆடு மாடுகளையும் எஞ்சிய நிலத்தையும் பார்த்துக்கொள்ளும் நிலைதான் இன்று பெருநகரங்களின் விளிம்பில் உள்ளது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் வேலை செய்யும் ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர்தாம் விவசாயத்தில் இருக்கின்றனர். பெண்களிலோ நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் விவசாயத்தில் இருக்கின்றனர். ஆணின் தொழிலை வைத்து ஓர் ஊரை நகரம் என்றால், அந்த ஊரின் பாதிப் பேருடைய வாழ்க்கை ஏட்டில் ஏறாமலேயே போய்விடும். 2027 கணக்கெடுப்பிலும் பழைய இலக்கணமே பின்பற்றப்படும் என்று பதிவாளர் அலுவலகம் மாநிலங்களுக்குத் தெரிவித்துவிட்டது. பழைய புள்ளிவிவரத்துடன் ஒப்பிட இது வசதி. ஒப்பிடும் வசதிக்காக உண்மையை விட்டுக்கொடுப்பது சரியா என்பதுதான் கேள்வி.

பெங்களூரைச் சுற்றியுள்ள பகுதியே இதற்கெல்லாம் நல்ல சான்று. 1986-இல் பழைய பெங்களூர் மாவட்டம் நகர்ப்புற மாவட்டம், ஊரக மாவட்டம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2007-இல் ஊரக மாவட்டத்திலிருந்து ராமநகரம் பிரிந்தது. எஞ்சிய தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், ஹொசகோட்டை, நெலமங்கலா ஆகிய நான்கு வட்டங்களில் 2001-இல் 8.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 9.9 லட்சமாயிற்று. நகர்ப்புற மாவட்டமோ 65 லட்சத்திலிருந்து 96 லட்சமாக, பத்தே ஆண்டுகளில் 47 சதவீதம் வளர்ந்தது. தேவனஹள்ளியில் பன்னாட்டு விமான நிலையம் 2008 மே மாதம்தான் திறக்கப்பட்டது. அதன் முழுத் தாக்கம் 2011 கணக்கில் பதிவாகவே இல்லை. 2021-இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது. பிறகு காரணம் சொல்லாமலும் தள்ளிப்போனது. ஆக, இந்தியாவின் மிக வேகமாக மாறிவரும் ஊரகப் பகுதிகளில் ஒன்றைப் பற்றி அரசிடம் இருக்கும் முழுமையான கணக்கு, அந்த மாற்றம் தொடங்கும் முன் எடுக்கப்பட்ட ஒன்றுதான்.

பெயர் மாற்றத்துக்கு மட்டும் தாமதமே இல்லை. 2025 மே மாதம் ராமநகரம் மாவட்டம் 'பெங்களூர் தெற்கு' ஆயிற்று. அதே ஆண்டு ஜூலையில், பெங்களூர் ஊரக மாவட்டத்தை 'பெங்களூர் வடக்கு' என்று அழைக்கக் கர்நாடக அமைச்சரவை முடிவு செய்தது. பெங்களூர் என்ற பெயர் சேர்ந்தால் நிலத்தின் மதிப்பு உயரும், முதலீடு வரும் என்பது கணக்கு. நிலத்தின் மதிப்பு உயரட்டும். அந்த நிலத்தில் வாழ்பவர்களின் வருவாய் உயர்கிறதா?

இங்குதான் சராசரிகள் நம்மை ஏமாற்றுகின்றன. 2025 ஜூலையில் மக்களவையில் நிதித்துறை இணையமைச்சர் அளித்த பதிலின்படி, 2024-25-இல் நிலையான விலையில் நாட்டின் தனிநபர் வருவாய் ரூ. 1,14,710. கர்நாடகத்தின் தனிநபர் வருவாய் ரூ. 2,04,605, தமிழகத்தின் தனிநபர் வருவாய் ரூ. 1,96,309. அந்தப் பதிலைப் படித்த இரு மாநில உறுப்பினர்களும் பெருமிதம் கொண்டதில் வியப்பில்லை. ஆனால், கர்நாடக அரசின் பொருளாதார ஆய்வறிக்கையைப் புரட்டினால் வேறொரு காட்சி தெரியும். 2021-22-இல் நடப்பு விலையில் பெங்களூர் நகர்ப்புற மாவட்டத்தின் தனிநபர் வருவாய் ஏறத்தாழ ரூ. 6.2 லட்சம். கடைசி இடத்தில் இருந்த கலபுரகியின் வருவாய் ஏறத்தாழ ரூ. 1.25 லட்சம். ஒரே மாநிலத்துக்குள் ஐந்து மடங்கு இடைவெளி! கலபுரகி அடங்கிய கல்யாண கர்நாடகப் பகுதிக்குத் தனிச் சலுகை அளிக்க, 2012-இல் நாடாளுமன்றம் 98-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தையே நிறைவேற்ற வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த இடைவெளிக்கு இன்னொரு விலையும் உண்டு. பதினைந்தாவது நிதிக்குழு, மத்திய வரிப் பகிர்வில் 45 சதவீத மதிப்பை 'வருவாய் இடைவெளி' என்ற அளவுகோலுக்குக் கொடுத்தது. தனிநபர் வருவாய் உயர்ந்த மாநிலத்துக்கு அதில் பங்கு குறையும். பதினான்காவது நிதிக்குழுவில் 4.713 சதவீதமாக இருந்த கர்நாடகத்தின் பங்கு பதினைந்தாவதில் 3.647 சதவீதமாகச் சரிந்தது. 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி கர்நாடக முதல்வரும் அமைச்சர்களும் ஜந்தர் மந்தரில் வந்து அமர்ந்ததன் பின்னணி இதுவே. பெங்களூர் மென்பொருள் நிறுவனங்கள் ஈட்டும் டாலர்கள் மாநிலச் சராசரியை உயர்த்துகின்றன. உயர்ந்த சராசரியின் பெயரால் குறைக்கப்படும் நிதியோ கலபுரகியின் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் பாதிக்கிறது. பெங்களூரில் விளைந்த வளத்துக்கு, அதை ஒருபோதும் காணாத ஏழை விலை கொடுக்கிறான்.

மாவட்ட வருவாய் கணக்கிடப்படும் முறையையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் உற்பத்தியான பொருள், சேவைகளின் மதிப்பை, அந்த மாவட்டத்தில் வசிப்போரின் எண்ணிக்கையால் வகுத்துத் தனிநபர் வருவாய் என்கிறார்கள். ஹொசகோட்டைப் பக்கம் வசித்துக்கொண்டு பெங்களூர் மாநகரில் ஆட்டோ ஓட்டுபவரின் உழைப்பு நகர்ப்புற மாவட்டத்தின் உற்பத்தியில் சேரும். அவரது தலையோ ஊரக மாவட்டத்தின் மக்கள்தொகையில் சேரும். மறுபக்கம், ஊரக மாவட்டத்தில் அமைந்த விமான நிலையமும் தொழிற்பேட்டைகளும் அந்த மாவட்டத்தின் உற்பத்தியைப் பெருக்கிக் காட்டும். ஆனால், அவற்றின் லாபம் பங்குதாரர்கள் வசிக்கும் இடத்துக்குப் போகும். எனவே, வளரும் ஊரகப் பகுதியின் தனிநபர் வருவாய் என்பது அங்குள்ள தனிநபர் எவருடைய சட்டைப் பையையும் காட்டும் எண் அல்ல.

இதைவிட ஓரளவு நம்பத்தக்கது குடும்பங்களின் நுகர்வுச் செலவுக் கணக்கு. 2023-24 ஆய்வின்படி, இந்தியக் கிராமத்தில் ஒருவர் மாதம் ரூ. 4,122 செலவிடுகிறார், நகரத்தில் ரூ. 6,996. நகரத்தின் செலவு ஏறத்தாழ 70 சதவீதம் அதிகம். 2022-23 ஆய்வில் நம் இரு மாநிலங்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். தமிழக நகரத்தில் மாதச் செலவு ரூ. 7,630, கர்நாடக நகரத்தில் ரூ. 7,666. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கிராமத்திலோ தமிழகத்தில் ரூ. 5,310, கர்நாடகத்தில் ரூ. 4,397. அதாவது, தமிழகத்தில் கிராமத்துக்கும் நகரத்துக்குமான இடைவெளி 44 சதவீதம். கர்நாடகத்தில் 74 சதவீதம்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், தமிழகத்தின் வளர்ச்சி ஒரே ஊரில் குவியாததுதான் எனலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், ஒசூர், சிவகாசி எனத் தொழில் பரவியது, பேருந்து பரவியது, சிறு நகரங்கள் கிராமத்துக்கு எட்டும் தொலைவில் அமைந்தன. கர்நாடகத்திலோ மங்களூர், ஹூப்ளி போன்ற சில ஊர்களைத் தவிர்த்தால் எல்லாச் சாலைகளும் பெங்களூரையே தேடிச் செல்கின்றன. ஒரு மாநிலத்தின் நகரங்கள் எவ்வளவு செழிப்பாக இருக்கின்றன என்பதைவிட, நகரங்களின் செழிப்பு எவ்வளவு தூரம் கிராமத்துக்குள் இறங்குகிறது என்பதே முக்கியம்.

கிராமம் என்றால் விவசாயம் என்ற எண்ணத்தையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2018-19-க்கான தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருவாய் ரூ. 10,218. அதில் பயிர் சாகுபடியில் கிடைத்தது ரூ. 3,798, கூலியாகவும் சம்பளமாகவும் கிடைத்தது ரூ. 4,063. விவசாயி என்று நாம் அழைப்பவரே விளைச்சலைவிடக் கூலியில்தான் அதிகம் ஈட்டுகிறார். பெருநகரத்தின் விளிம்பிலுள்ள கிராமங்களில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அங்கே நிலம்தான் மிகப் பெரிய சொத்து. மிகப் பெரிய ஆபத்தும் அதுவே. தேவனஹள்ளி வட்டத்தில் சன்னராயபட்டணப் பகுதியின் 13 கிராமங்களில் 1,777 ஏக்கரை விண்வெளித் தொழிற்பூங்காவுக்காகக் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து, விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். 2025 ஜூலை 15-ஆம் தேதி அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக முதல்வர் சித்தராமையா அறிவித்தார். கோடிக்கணக்கில் விலைபோகும் நிலத்தை விற்க மறுக்கிறார்களே, இவர்களுக்குப் பிழைக்கத் தெரியாதா என்று பேசியவர்களும் உண்டு. விற்ற பணம் ஒரு தலைமுறைக்கு. நிலம் பல தலைமுறைக்கு என்ற கணக்கு அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கோ இந்த இரண்டு கணக்கிலும் இடமில்லை. விற்றாலும் அவருக்குப் பங்கு கிடையாது. விற்றபின் அங்கே அவருக்கு வேலையும் கிடையாது. வீட்டு வாடகை மட்டும் ஏறும்.

சரி, இத்தகைய ஊர்களை உடனே நகரமாக அறிவித்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா? பெங்களூரின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2007-இல் கிருஷ்ணராஜபுரம், மகாதேவபுரா, எலஹங்கா உள்ளிட்ட ஏழு நகராட்சிகளும், கெங்கேரி புரசபையும், 110 கிராமங்களும் பெங்களூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. மாநகராட்சி என்ற பெயர் அன்றே வந்தது; வரியும் வந்தது. அந்த 110 கிராமங்களுக்குக் காவிரி நீர் கொண்டுசெல்லும் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதோ 2024 அக்டோபர் 16-ஆம் தேதி. இடையில் பதினேழு ஆண்டுகள் அம்மக்கள் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பியே வாழ்ந்தார்கள். அந்த லாரிக்குக் கொடுத்த பணம் எந்த வருவாய்க் கணக்கிலும் கழிக்கப்படவில்லை.

தமிழகத்திலும் இதே அச்சம் நிலவுகிறது. 149 கிராம ஊராட்சிகளை 16 மாநகராட்சிகளுடன் இணைக்கும் அறிவிப்பு 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியானபோது, பல ஊர்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகங்களை முற்றுகையிட்டனர். சொத்து வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும் என்பதே அவர்களது முறையீடு. அந்த அச்சம் அடிப்படையற்றது அல்ல. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், நாள்களை 125 ஆக உயர்த்தினாலும், உரிமையை ஊரகத்தோடு நிறுத்திக்கொண்டது. நகரம் என்று அறிவிக்கப்பட்ட மறுநாள், அதே வீட்டில், அதே வறுமையில் இருக்கும் பெண் அந்த உரிமையை இழக்கிறார்.

உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான். 2013-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கிராம மக்களில் 75 சதவீதம் வரையிலும், நகர மக்களில் 50 சதவீதம் வரையிலும் மானிய விலையில் தானியம் பெறலாம் என்கிறது. இதற்கான உச்சவரம்பு 2011 மக்கள்தொகையை வைத்தே, சுமார் 81 கோடி பேர் என நிர்ணயிக்கப்பட்டது. கணக்கெடுப்பு தாமதமானதால் சுமார் 14 கோடி பேர் இந்த உரிமையை இழந்து நிற்கின்றனர் என்று 2025 பிப்ரவரியில் மாநிலங்களவையில் சோனியா காந்தி எழுப்பிய குரல் கட்சி எல்லைகளைக் கடந்து கேட்கப்பட்டிருக்க வேண்டியது. அவை அன்று வேறு கூச்சல்களில் மூழ்கியிருந்தது.

ஒரே சொல் இவ்வளவையும் தீர்மானிக்கும்போது, மாநில அரசுகள் அந்தச் சொல்லை வைத்து விளையாடுவதும் இயல்பே. தமிழகத்தில் 2004-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஒரே ஆணையால் 'சிறப்புக் கிராம ஊராட்சிகள்' ஆக்கப்பட்டன. ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006-இல் ஆட்சி மாறியதும் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் ஊரில் ஒரு தெருவிளக்கின் இடம்கூட மாறவில்லை; பெயர்ப் பலகைகள் மட்டும் இருமுறை மாறின. நிதியின் அமைப்பே அதற்கு வழிவகுத்தது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26-க்கு உள்ளாட்சிகளுக்காக ஒதுக்கப் பரிந்துரைத்த ரூ. 4,36,361 கோடியில், ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ. 2,36,805 கோடி, நகர உள்ளாட்சிகளுக்கு ரூ. 1,21,055 கோடி. இரண்டுக்கும் இடையில் நிற்கும் ஊருக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு எதுவும் இல்லை.

அரசியல் சட்டத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. 74-ஆவது திருத்தத்தின் மூலம் வந்த 243-கியூ பிரிவு, கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கென்றே 'நகர் பஞ்சாயத்து' என்ற அமைப்பைச் சொல்கிறது. மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் சாராத வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கருதி ஆளுநர் அதை அறிவிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, வளரும் ஊரகத்தின் சிக்கலை அந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதுவே சான்று. நடைமுறையில் பல மாநிலங்கள் இதை ஏட்டளவில் நிறுத்திவிட்டன. ஊர் பெரிதாகும் வரை காத்திருந்து, பிறகு அருகிலுள்ள மாநகராட்சிக்கு மொத்தமாக விழுங்கக் கொடுப்பதே பழக்கமாகிவிட்டது.

விழுங்கிய மாநகராட்சியிலாவது மக்களின் குரல் ஒலிக்கிறதா? பெங்களூர் மாநகராட்சியில் ஜோகுபாளையம் 89-ஆவது வார்டாக இருந்தது. கடைசியாக 2015-இல் மாமன்றத் தேர்தல் நடந்தது. 2020 செப்டம்பரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, நாட்டின் மிகப் பெரிய மாநகரங்களில் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லாமலேயே நடத்தப்பட்டது. 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. எல்லைக் கோடுகள் மாறுவதில் இருந்த வேகம், வாக்குப்பெட்டி வருவதில் இல்லை.

தொகுதிகளின் கதையும் வேறல்ல. 2008-இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் கர்நாடகத்தின் மொத்தத் தொகுதிகள் 224 ஆகவே இருக்க, பெங்களூரின் பங்கு 28 ஆயிற்று. அந்த அளவுக்கு மற்ற மாவட்டங்களின் பங்கு குறைந்தது. அன்று உருவான 'பெங்களூர் ஊரகம்' என்ற மக்களவைத் தொகுதியில் ராஜராஜேஸ்வரி நகர், பெங்களூர் தெற்கு, ஆனேக்கல் ஆகிய மூன்று நகர்ப்புற மாவட்டச் சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. பெயர் ஊரகம், வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் வாக்குகளில் பெரும்பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பில். மழை பொய்த்த கனகபுராவின் ராகி விவசாயியும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ராஜராஜேஸ்வரி நகர் குடியிருப்போரும் ஒரே உறுப்பினரிடம் முறையிட வேண்டும். அடுத்த மறுவரையறையைப் பற்றிப் பேசும்போது, வடக்குக்கு எத்தனை, தெற்குக்கு எத்தனை என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் கிராமத்துக்கு எத்தனை, விளிம்புக்கு எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

2025 ஜூன் 16-ஆம் தேதி வெளியான அறிவிக்கையின்படி, 2027 மார்ச் முதல் தேதியை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அமையும். அதற்காக ரூ. 11,718 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வரும் இந்தக் கணக்கு, வழக்கமான கணக்காக இருந்துவிடக் கூடாது.

மூன்று காரியங்கள் உடனே தேவை. முதலாவதாக, கணக்கெடுப்பு நகரம் என்று பதிவாளர் எழுதும் ஒவ்வோர் ஊரையும், நகர் பஞ்சாயத்தாக அறிவிப்பதா இல்லையா என்பதை மாநில அரசு குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அறிவிக்க மறுத்தால் காரணத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இரண்டாவதாக, வகை மாறும் ஊரில் வேலை உறுதியும், உணவுப் பாதுகாப்பும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும். குடிநீரும் வடிகாலும் வரும்வரை மாநகராட்சி வீதத்தில் சொத்து வரி வசூலிக்கக் கூடாது. மூன்றாவதாக, மாவட்டச் சராசரியோடு நில்லாமல், வட்ட அளவிலாவது குடும்ப வருவாயையும் செலவையும் அளந்து வெளியிட வேண்டும். பெண்களின் தொழிலும் நகரத்தின் இலக்கணத்தில் சேர வேண்டும் என்பதை இதனுடன் இணைத்தே பார்க்க வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகுமே என்று நிதித்துறை தயங்கலாம். ஊர்கள் திட்டமின்றிப் பெருகிய பிறகு சாக்கடைக்கும், சாலைக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் பெங்களூர் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. வரும் முன் காப்பதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கிற அரசுகள், வந்த பின் காப்பதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்ப்பதே இல்லை.

ஜோகுபாளையத்துக்கு அருகிலுள்ள தொம்மலூரின் சொக்கநாதர் கோயிலில் பழமையான தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையையும், அதிலிருந்து வரவேண்டியதையும் கல்லில் வெட்டி வைப்பது அந்தக் காலத்து மரபு. எல்லையையும் வருவாயையும் சேர்த்தே எழுதினார்கள். எண்ணூறு ஆண்டுகள் கழிந்து, கணினி வழியில் கணக்கெடுக்கப் போகும் நாம், எல்லையை ஓர் அலுவலகத்திலும், மக்கள்தொகையை இன்னோர் அலுவலகத்திலும், வருவாயை வேறோர் அலுவலகத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். மூன்றையும் ஒரே ஏட்டில் சேர்க்க முப்பத்தைந்து ஆண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின்னும் நம்மால் இயலவில்லை.

ஜோகுபாளையம் எந்த நாளில் நகரமாயிற்று என்று பெரியப்பாவுக்குத் தெரியாமல் போனதில் குற்றமில்லை. ஹொசகோட்டைப் பக்கம் இன்று குடியேறும் ஆட்டோ ஓட்டுநரின் பிள்ளைகளுக்கும் அது தெரியாமல் போகுமானால், அந்தக் குற்றம் அரசுடையது. அவர்கள் வீட்டுக் கதவை 2027-இல் தட்டப்போகும் கணக்கெடுப்பாளர், தலைகளை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பினால், அடுத்த பத்தாண்டும் அந்த ஊர் கிராமமாகவும் இராது, நகரமாகவும் இராது.